முதலில் பேசியவள்

"டீச்சர், அவ பேச மாட்டேங்குறா."

கருத்தப்பாண்டி தன் தாளை மேஜைமேல் வைத்தார். அவருக்கு அறுபது நடக்கிறது. டீச்சர் ஜெபக்கனிக்கு இருபத்தெட்டு. சித்திரக்கதை போடுகிறவள்.

பட்டாசு ஆலை வெடித்ததில் அந்த ஒரு தெருவில் மட்டும் பதினொரு பேர் போய்ச் சேர்ந்தார்கள். பேப்பரில் பதினொரு சின்னப் போட்டோ வந்தது, அத்தோடு சரி. தெருவுக்கு மனசு ஆறவில்லை. செத்தவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டு ஆளே ஒரு பக்கம் வரைந்து, சித்திரக்கதைப் புத்தகமாகப் போடுவது என்று கூடி முடிவெடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க ஜெபக்கனி வந்தாள்.

பத்துப் பக்கம் முடிந்துவிட்டது. கருத்தப்பாண்டியின் மனைவி பொன்னுத்தாயின் பக்கம்தான் பாக்கி.

"எத்தனாவது தாள், அண்ணாச்சி?"

"பதினாலு. வாசப்படி வந்துருச்சு. தூக்குவாளி வந்துருச்சு. மூக்குத்திகூட வந்துருச்சு. வசனம் மட்டும் வரல."

டீச்சர் பார்த்தாள். ஒரே கட்டம். வெடித்த அன்று காலை, வாசலில் இருவர். இடப்பக்கம் அவர், தலைக்கு மேல் வசனக் குமிழில் 'போயிட்டு வா.' வலப்பக்கம் பொன்னுத்தாய். அவள் குமிழ் காலியாக இருந்தது.

"போயிட்டு வான்னு நான் சொன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னாங்கிறதுதான் பிடிபடல" என்றார். "பாக்கிறவுக எல்லாம், எம்புட்டுப் பிரியமா வழியனுப்பியிருக்கீகன்னு அழுதாக."

அதைச் சொன்னபோது அவர் டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை.

"முதல் நாள் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்?"

"படிக்கிறவுக கண்ணு இடப்பக்கத்துலருந்து வரும். முதல்ல பேசுறவுகள இடப்பக்கம் நிறுத்தணும்."

"அன்னைக்கு முதல்ல பேசுனது யாரு?"

கருத்தப்பாண்டி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டீச்சர் வற்புறுத்தவில்லை. அது மறுபக்கமும் கோடு தெரிகிற டிரேசிங் தாள். எடுத்தாள். மறுபக்கம் திருப்பினாள். ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள்.

வெயிலில் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. இப்போது பொன்னுத்தாய் இடப்பக்கம் நின்றாள். எழுத்துகள் இடம்வலமாகப் புரண்டிருந்தன. முப்பது வருஷம் அச்சகத்தில் இடம்வலம் மாறிய ஈய எழுத்துக் கோத்தவருக்கு அதைப் படிக்க ஒரு நொடி போதும்.

போயிட்டு வா.

 கருத்தப்பாண்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தெருவே படிக்குமே, தாயி."

"முதல்ல அவங்க பேசட்டும், அண்ணாச்சி."

பேனாவை வாங்கினார். திருப்பிய தாளின்மேல் புதுத் தாளை வைத்தார். வாசப்படி, தூக்குவாளி, மூக்குத்தி எல்லாவற்றையும் கோடு பிசகாமல் படியெடுத்தார். பிறகு இடப்பக்கக் குமிழில் எழுதினார்.

'ஆலையில வெடிமருந்து நெடி நெஞ்சை அடைக்குது. இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல இருந்துக்கிடட்டுமா?'

எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் தன் குமிழுக்கு வந்து, புரண்ட எழுத்துகளை நேராக எழுதினார்: 'போயிட்டு வா.' அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.