மார்த்தாளின் வாக்கு

தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்கள் காது கொடுங்கள்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனி. அங்கே தோலுக்குப் பசை தடவும் அறையில் ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். ஈரப் பசையில் தூசி ஒட்டினால் ஏற்றுமதிச் சரக்கு கெட்டுவிடுமாம். உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்கு? தினமும் ஆளுக்கொரு வாழைப்பழம். பழம் தின்றால் பசை வாடை வயிற்றோடு இறங்கிவிடும் என்றார் முதலாளி. தொழிலாளிகளும் நம்பினார்கள்.

மார்த்தாளின் தம்பி யோனாவுக்கு அந்த அறையில்தான் வேலை. தாயில்லாத பிள்ளை, அக்காவின் இடுப்பில் வளர்ந்தவன். கோயிலில் அவன் பாட எழுந்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். முதலில் அந்த வாடை அவனுக்குத் தலைவலி கொடுத்தது. பிறகு கிறுகிறுப்பு பிடித்துப்போனது. பிறகு அது இல்லாமல் முடியவில்லை. பசையைப் பையில் ஒளித்து வீட்டுக்கே கொண்டுவந்து முகர்ந்தான். உதட்டைச் சுற்றிப் புண், கையில் நடுக்கம். பாட்டின் நடுவே அடுத்த அடி மறந்து விழித்தான்.

அவனோடு வேலை செய்த தாவீது, ஒருநாள் முகர்ந்துகொண்டிருந்தபோது மேஸ்திரியின் அதட்டல் கேட்டுப் பதறி ஓடினான். வாசலைத் தாண்டுமுன் விழுந்து இறந்தான். பயத்தில் செத்தான் என்று சொல்லி அடக்கம் செய்தார்கள். கல்லுப் போன்ற இளவட்டம் ஓர் அதட்டலுக்கா சாவான் என்று மார்த்தாளுக்கு மனம் ஆறவில்லை.

அவள் கணவர் சாலமோன் பைபிள்மேல் கைவைக்கச் சொல்லி அவளிடம் வாக்கு வாங்கினார்.

"இனிமே அவன் கையில அந்தப் பையப் பார்த்தா, கூச்சல் போட்டு என்னைக் கூப்புடணும். மூடி மறைச்சேன்னா நீயே அவனுக்குக் குழி தோண்டுற."

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தவள் பின்னறைக்குள் போனாள். யோனா பையில் முகம் புதைத்துச் சாய்ந்திருந்தான். வாசலில் சாலமோனும், கம்பெனியில் யோனாவின் கூட்டாளியான பாஷாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் போதும். வாயைத் திறந்தாள், தாவீது நினைவுக்கு வந்தான், மூடிக்கொண்டாள்.

ஓசைப்படாமல் ஜன்னலைத் திறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மறந்துபோன பாட்டை மெல்ல முனகினாள். அவன் விரல்கள் தளர்ந்ததும் பையை எடுத்து வெளியே வைத்தாள்.

பசை வாடை பிடித்து உள்ளே வந்த சாலமோன் கை ஓங்கினார். "ரெண்டு அறை விட்டாத்தான் தெளியும். இன்னா மார்த்தா, பைபிளுக்கும் பயமில்லையா?"

அவள் குறுக்கே கை நீட்டினாள். "மெதுவாப் பேசுங்க."

பின்னால் வந்த பாஷா, தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து உரித்தான். "ஒரு வாய் தின்னட்டும்க்கா, எறங்கிடும்."

"முழுங்குற நெலையிலயாடா இருக்கான்? அத உங்க மொதலாளிக்கே ஊட்டு."

வெகுநேரம் கழித்து யோனா கண் திறந்தான். "அக்கா, அடுத்த அடி என்னாக்கா?"

அடித்தாவது தெளிய வைக்க வந்த சாலமோன், பழம் ஊட்ட வந்த பாஷா, வாக்கை மீறிய மார்த்தாள். மூவருமே அவன்மேல் உயிரை வைத்தவர்கள். இதில் யார் செய்தது சரி?

விடை: மார்த்தாள். பசையின் ஆவி ஏறிய நேரத்தில் இதயம் தடுமாறிக் கிடக்கும். ஓர் அதட்டலோ ஓட்டமோ அதை நிறுத்திவிடலாம். தாவீது அப்படித்தான் போனான். ஆவி போவது வயிற்றுக்கல்ல, நெஞ்சுக்கும் மூளைக்கும். அரை மயக்கத்தில் ஊட்டிய பழம் மூச்சை அடைக்கும். யோனா தெளிந்ததும் மூவருமாக அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். கதையில் நாலாவது ஆள் ஒருவர் உண்டு, கம்பெனி ஜன்னலை மூடி வைத்தவர். அவரைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று கேட்டவர் எவரோ, அவரே விடையை முழுதாகக் கண்டவர்.