வலிக்குதா என்று கேட்ட அஞ்சுகத்தம்மையார்

செம்பியன்துறை அரசு மருத்துவமனையில், பிணவறைக்குப் போகிற வழியில் ஓர் அறை உண்டு. முன்பு ஜெனரேட்டர் கிடந்த இடம். டீசல் வாடை இன்னும் போகவில்லை. அங்கேதான் அஞ்சுகத்தம்மையார் தம் தொண்டைச் செய்துவந்தார். அவர் படித்துப் பட்டம் வாங்கியது பிசியோதெரபி. ஊரார் வைத்த பெயர் 'நீவி விடுற அம்மா'.

தொண்டு எப்படிப்பட்டது என்கிறீர்களா? பக்கவாதத்தில் விழுந்தவர், தென்னையிலிருந்து விழுந்தவர், லாரி ஏறிக் கால் நசுங்கியவர் எல்லோரும் முதலில் ஊரிலுள்ள எண்ணெயையெல்லாம் தேய்ப்பார்கள். புறா ரத்தம் தடவுவார்கள். கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். எல்லாம் முடிந்து கை கால் கட்டையாக விறைத்த பிறகு கடைசியாக இந்த அறைக்கு வருவார்கள். வந்த அன்றே நடக்கவேண்டும் என்றும் கேட்பார்கள்! அம்மையார் நன்றாகத் திட்டுவார். திட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, வந்தவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

நோயாளி எழ முயலும்போது பாசத்தில் நான்கு பேர் தாங்க ஓடிவருவார்கள் அல்லவா? "யாரும் கை குடுக்காதீங்க, அவரே எந்திரிக்கட்டும்" என்று அவர்களை விரட்டுவார். கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்தபடி அவர்கள் வெளியே போய் நிற்பார்கள். சைக்கிள் சக்கரத்தில் கயிறு மாட்டிக் கப்பி செய்திருந்தார். ஆற்றுமணலைப் பையில் அடைத்து எடைக்கு வைத்திருந்தார். கட்டுத்துணி வராத மாதங்களில் தம் பழைய பச்சைச் சுங்குடிப் புடவையைக் கிழித்துக் கட்டி, வளையலில் கோத்திருக்கும் ஊக்கைக் கழற்றி மாட்டிவிடுவார்.

அவருடைய தெய்வம் கூத்தபிரான். உலகத்தில் எந்தக் கால் அசைந்தாலும் அது அவன் ஆட்டம்தான் என்பது அம்மையாரின் எண்ணம். சேறு படிந்த காலானாலும் சீழ் வடிகிற காலானாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "வலிக்குதா?" என்று கேட்பார். பதில் வந்த பிறகே கை வைப்பார். வந்த காலைத் திருப்பி அனுப்புவதில்லை என்பது அவர் எடுத்துக்கொண்ட விரதம்.

கூடப் படித்தவர்கள் துபாய், கனடா என்று போய்விட்டார்கள். எலும்பு டாக்டரோ, தம்மால் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் ஆளை அனுப்புவார். "போங்க, அந்தம்மா கொஞ்சம் அமுக்கி விடும்" என்பார். அதையெல்லாம் அம்மையார் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவரை அரித்த கவலை வேறு.

ஊர்க் கோயிலில் நடராசர் சந்நிதி இருக்கிறது. தூக்கிய இடது திருவடியை ஆண்டு முழுதும் பூச்சுற்றி மூடியிருப்பார்கள். மார்கழித் திருவாதிரையன்று மட்டும் உச்சிப்பூசை வரை பூவை நீக்கிக் காட்டுவார்கள். கால்களுக்கே வாழ்வைக் கொடுத்த அம்மையார் அந்த ஒரு காலை அதுவரை பார்த்ததில்லை! ஒவ்வோர் ஆண்டும் அந்த நேரம் பார்த்து யாராவது வந்து விழுவார்கள். ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார். ஒருமுறை பிரசவத்தோடு கால் மரத்துப்போன பெண். அம்மையார் ஓடிப்போய்ச் சேரும்போது திரை விழுந்திருக்கும். "என்னம்மா, பகவானுக்கு உன்னைப் பார்க்கப் பிடிக்கலையோ என்னமோ" என்று தியாகேச குருக்கள் ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லிவிட்டார். அவருக்கு அது வேடிக்கை. அம்மையாருக்கு அது முள்ளாகத் தைத்து உள்ளேயே நின்றுவிட்டது. ஊர்க் காலையெல்லாம் பிடிக்கிறேன், தன் காலை மட்டும் எனக்குக் காட்டமாட்டேன் என்கிறானே, என்ன குறை வைத்தேன் என்று மனம் கிடந்து தவித்தது.

அந்த ஆண்டுத் திருவாதிரை வந்தது. விடிந்ததிலிருந்தே அம்மையாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்தவர்களைப் பார்த்து அனுப்பினார். வாசலுக்குப் போனார், வந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மணற்பையை எடுத்த இடத்திலேயே வைத்தார். அறையைக் கூட்டும் காத்தாயிக்கே பொறுக்கவில்லை.

"யம்மா, பூட்டிப்புட்டுக் கெளம்புங்க. நீங்க நிக்கிற நிலையைப் பாத்தா எனக்குத்தான் படபடங்குது."

அம்மையார் பூட்டைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில்தான் பெரியவர் ஒருவர், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்து நின்றார். இடது கால் மேலே மடிந்து அப்படியே நின்றிருந்தது. துவட்டாத சடையிலிருந்து தண்ணீர் சொட்டிற்று.

"நாளைக்கு வாங்க பெரியவரே. இன்னைக்கு அம்மா கோயிலுக்குப் போவுது" என்றார் காத்தாயி.

"ஆவட்டும் தாயி" என்று பெரியவர் திரும்பினார். திரும்பும்போது முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பை அம்மையார் பார்த்துவிட்டார். பூட்டு கையிலிருந்து மேசைக்குப் போயிற்று. காத்தாயி தலையில் அடித்துக்கொண்டார்.

"உள்ள வாங்க. மார்கழிக் குளிர்ல தலையைத் துவட்டாம வருவாங்களா? வீட்டுல யாரும் இல்லையா?" என்று கடிந்துகொண்டே அம்மையார் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினார். துவட்டத் துவட்ட ஈரம் வந்துகொண்டே இருந்தது.

"வீட்டுக்காரி இருக்கா. பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டுதான் இருக்கா. போயி காலைக் காட்டிட்டு வாங்கன்னு அவதான் அனுப்புனா."

"என்ன தொழில்?"

"கூத்தாடுறது."

"பரம்பரையாவா?"

"எனக்கு முன்னாடி யாரும் இல்லம்மா."

அம்மையார் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓடு ஓடு என்று உள்ளம் துரத்த, கை மட்டும் பதறாமல் இருந்தது.

"வலிக்குதா?"

பெரியவர் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டே பழக்கமில்லாதவர்போல் அம்மையாரைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார். "வலிக்குது தாயி. ரொம்பக் காலமா வலிக்குது."

வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். நரம்பை நீவினார். முழங்காலைப் பிடித்து மெதுவாக நீட்டினார். கால் இறங்குவேனா என்றது. "இறங்காத காலுன்னு ஒண்ணு கிடையாது பெரியவரே. நீங்களும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்று அதட்டினார். வெகுநேரம் போராடிய பிறகு ஒரு விரற்கடை இறங்கிற்று. அப்போது கோயிலிலிருந்து உச்சிப்பூசை மணி கேட்டது. அவ்வளவுதான், இந்த ஆண்டும் போயிற்று. அம்மையாரின் கண் நிறைந்து, ஒரு சொட்டு அந்தப் பாதத்தின்மேல் விழுந்தது.

"போதும்மா. இதுக்கு மேல இறக்க வேணாம்" என்றார் பெரியவர். "இந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு நெறையப் பேரு இருக்காங்க. கீழ வச்சா அவங்க எங்க போவாங்க?"

வயதானவர், ஏதோ பேசுகிறார் என்று அம்மையார் நினைத்தார். பச்சைச் சுங்குடிக் கிழிசலால் கணுக்காலைச் சுற்றிக் கட்டி, வளையல் ஊக்கைக் கழற்றி மாட்டினார். "இறுக்கமா இருந்தா சொல்லுங்க" என்றார்.

பெரியவர் எழுந்தார். யாரும் கை கொடுக்கவில்லை, தாமாகவே எழுந்தார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "காலைக் கும்பிட்டவங்க கோடிப் பேரு தாயி. வலிக்குதான்னு கேட்டவ நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியிலிருந்தாவது கும்பிட்டு வருவோம் என்று அம்மையார் கோயிலுக்கு ஓடினார். போனால், ஊரே பிராகாரத்தில் நிற்கிறது! காலையிலிருந்து நடராசர் சந்நிதிக் கதவு திறக்கவில்லையாம். கொல்லரை அழைத்து வந்து நெம்பியும் பூட்டு அசையவில்லையாம். உச்சிப்பூசை மணியை மட்டும் வெளியிலிருந்தே அடித்திருக்கிறார்கள். குருக்கள் வியர்த்து நின்றார். ஆள் வீட்டில் இல்லாதபோது கதவு எப்படித் திறக்கும்? பாவம், அது அவருக்குத் தெரியாது.

அம்மையார் கூட்டத்தின் ஓரமாக வந்து நின்றார். குருக்கள் சலிப்போடு இன்னொரு தடவை சாவியைத் திருப்பினார். பூட்டு வழுக்கிக்கொண்டு திறந்தது.

தீபம் ஏற்றினார்கள். குருக்கள் பூச்சுற்றை நீக்கினார். நீக்கியவர் கை அப்படியே நின்றது.

"ஈஸ்வரா! யார் இதைக் கட்டினது? சாவி என் இடுப்புலேன்னா இருந்தது!"

தூக்கிய திருவடியில் பச்சைச் சுங்குடிக் கட்டு. அதில் ஓர் ஊக்கு. செப்புத் திருமேனியின் சடையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சிவகாமியம்மை எப்போதும்போல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மையார் தம் வளையலைத் தடவிப் பார்த்தார். ஊக்கு இல்லை. "ஐயோ, உங்களையா அதட்டினேன்! உங்களையா அதட்டினேன்!" என்று வாய்விட்டு அழுதார். தியாகேச குருக்கள் அம்மையாரையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். விலகி வழிவிட்டு, கைகூப்பி நின்றார்.

அம்மையார் கிட்டே போனார். எத்தனையோ ஆண்டு ஏங்கிய பாதம் எதிரே இருந்தது. கேட்பதற்கு வரங்கள் எவ்வளவோ உண்டு. அவர் வாயில் வந்தது ஒன்றுதான்.

"இப்ப வலிக்குதா?"

பெருமானின் வலத்தோளிலிருந்து ஒரு பூ நழுவி, அம்மையார் ஏந்திய கையில் விழுந்தது.

அன்று முதல் செம்பியன்துறையில் ஒரு வழக்கம் வந்தது. திருவாதிரையன்று பூவை நீக்குமுன் குருக்கள் திருவடியைத் தொட்டு, அந்த ஒரு கேள்வியைக் கேட்ட பிறகே தீபம் காட்டுவார். அம்மையாரோ மறுநாளே டீசல் வாடை அடிக்கும் அறையில், யாருடைய காலையோ மடியில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். கடவுளின் காலுக்கும் வலிக்குமே என்று இரங்கிய மனசு அது. அதை எந்தக் கோயிலில் வைத்துக் கும்பிடுவது? இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறோம்.