ஏழாவது சாட்சி

ஓர் ஊரில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. டிரவுசர், ஜட்டி இடுப்பில் எலாஸ்டிக் நாடா வருமே, அந்த நாடாவுக்குச் சாயம் போடுகிற பட்டறை. சட்டையைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டுகிறவர்கள் உண்டு. இடுப்பு நாடாவை யாரும் பாராட்டுவதில்லை. அது அறுகிற அன்றைக்குத்தான் அதன் பேச்சே வரும். பட்டறைக்காரர் நாச்சிமுத்துவுக்கு அதில் ஒன்றும் குறையில்லை. பெரிய கம்பெனி ஒன்று அவரிடம் நாடா எடுத்தது. அந்த ஒரே ஆர்டரில் பதினெட்டு வீடுகளில் அடுப்பு எரிந்தது.

பட்டறை வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. பின்பக்கம், சாயத் தண்ணீரைத் தெளியவைக்கிற சிமெண்ட் தொட்டிகள். அங்கே தெளிந்த தண்ணீர் ஒரு நீலக் குழாய் வழியாக இந்தக் கண்ணாடித் தொட்டிக்கு வர வேண்டும், அதில் ஒரு மீன் நீந்த வேண்டும். மீன் உயிரோடு இருந்தால் ஓடைக்குப் போகிற தண்ணீரும் நல்ல தண்ணீர் என்று கணக்கு. இது பெரிய கம்பெனி செய்த ஏற்பாடு. வருஷத்துக்கு ஒரு நாள் அவர்களுடைய ஆள் வந்து, மீனைப் பார்த்து, தாளில் டிக் அடித்துவிட்டுப் போவது வழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தையிலிருந்து பிளாஸ்டிக் பையில் அடைபட்டு வந்த ஜிலேபிக் கெண்டை ஒன்று அந்தத் தொட்டியில் சொளப்பென்று விழுந்தது. நாலு விரல் நீளம் இருக்கும். வால் ஓரம் வலையில் சிக்கிக் கிழிந்திருந்தது.

"வா கண்ணு," என்றது தொட்டி. "நீதான் ஏழாவது."

"எதுல ஏழாவது?"

"சாட்சியில. உனக்கு முன்னால ஆறு பேரு இருந்துட்டுப் போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?"

வருஷத்தில் ஒரு நாள்தான் தொட்டியின் மேல் துணி படும். துடைத்துவிட்ட சந்தோஷத்தில் வெயிலில் மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வரிசையாக நின்ற குடிநீர் கேன்களில் ஒன்று முந்திக்கொண்டது. வயிறு பெருத்த கேன் அது, வாயும் பெருத்ததுதான்.

"நான் சொல்றன் கேளு. நாளைக்குக் கம்பெனியில இருந்து பாக்க வாராங்க. அதனால இன்னைக்கு நீ என்ற தண்ணியில நீந்தறே. அவங்க போனதும் என்னைய யாரு சீந்தப் போறா? அதா, அந்த நீலக் குழாயைத் திறந்து உட்டுருவாங்க. உனக்கு முன்னால இருந்தவன் ஒம்பது நாளு இருந்தான். கெட்டிக்காரன்னுதான் சொல்லோணும்."

மீன் அந்தக் குழாயைப் பார்த்தது. அதன் வாயில் சிவப்பாக ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சிவப்பு மீனுக்குப் புதிதல்ல. ஓடை போய்ச் சேருகிற குளத்தில்தான் அது பிறந்தது. முந்தின நாள் குளத்துத் தண்ணீர் நிறம் மாறி, மீன்களெல்லாம் மூச்சுக்கு மேலே வந்து வாயைப் பிளந்தன. வலைக்காரனுக்கு அன்றைக்கு வேலையே இல்லை. ஓர் அள்ளு அள்ளினான், கூடை நிறைந்தது. அந்தக் கூடையில்தான் இதுவும் வந்தது.

மறுநாள் காலையில் கம்பெனி ஆள் வந்தாள். மங்கையர்க்கரசி என்று பெயர். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதனால் எல்லாத் தாளையும் படிக்கிற கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. தோள் பையில் நாடா அகலம் பார்க்கிற ஒரு நீள ஸ்கேல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, டிக் அடித்து, முப்பத்தொன்றாவது கேள்விக்கு வந்தாள். தொட்டியில் மீன் உயிருடன் உள்ளதா?

மீன் உயிருடன்தான் இருந்தது. நேற்றைய கேன் தண்ணீரில் ஒய்யாரமாக ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டியது.

மங்கையர்க்கரசி டிக் அடிக்காமல், பழைய கோப்பில் இருந்த போட்டோக்களைப் புரட்டினாள்.

"ஏனுங்ண்ணா, இது அதே மீனுங்களா?"

"அதே மீனுதானுங்க அம்மணி," என்றார் நாச்சிமுத்து. "ஆறு வருசமா நம்ம வளர்ப்பு. குடும்பத்துல ஒருத்தராட்டம்."

அவள் ஆறு போட்டோக்களையும் தொட்டியின் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். முதல் வருஷத்து மீன் ஒரு சாண் இருந்தது. அடுத்தது முக்கால் சாண். அப்புறம் அரை. போன வருஷம் ஐந்து விரல். நாச்சிமுத்து முதலில் பார்த்துப் பார்த்துத்தான் மீன் வாங்கினார். எந்த மீனைப் போட்டாலும் டிக் விழுகிறது என்று தெரிந்த பிறகு, சந்தையில் கைக்கு அகப்பட்டதை வாங்கிவந்தார். வருஷா வருஷம் போட்டோ எடுத்தவர்களும் முந்தைய போட்டோவைத் திருப்பிப் பார்த்ததில்லை.

"ஆறு வருசமா வளத்து, சாண் மீனை நாலு விரலாக்கி வெச்சிருக்கீங்க."

"இந்த வருசம் வெயிலு சாஸ்திங்க அம்மணி. கொஞ்சம் சுருங்கிருச்சாட்ட இருக்குது."

"மீனு என்ன பனியன் துணிங்களா, தண்ணி பட்டாச் சுருங்கறதுக்கு?"

கேனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, உள்ளே தண்ணீர் குலுங்கியது. நாச்சிமுத்துவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லிப்போடறனுங்க. தண்ணி தெளியறதுக்கு முழுசா மூணு நாளு வேணும். உங்க கம்பெனியில இன்னைக்குச் சாயங்காலம் கூப்புட்டு, நாளான்னிக்கு லாரி வருது, கருநீலம் அறுவது ரோலு வேணும்பாங்க. அது முடியறதுக்குள்ள செவப்புக்கு மாத்துங்கம்பாங்க. தொட்டி நெறஞ்சு நிக்குது, அடுத்த தண்ணியை எங்க உடறது? ஓடையிலதான் உடறன். முடியாதுன்னு சொன்னா ஆர்டரு வேற ஆளுக்குப் போயிரும். பதினெட்டுப் பேரு இருக்கறாங்க. நான் என்ன பண்றதுங்க?"

மங்கையர்க்கரசி தன் கையிலிருந்த தாள்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"இதுல நூத்தி நாலு கேள்வி இருக்குதுங்ண்ணா. நூத்தி நாலும் உங்களைப் பத்தித்தான். எங்க லாரி எப்ப வருதுன்னு ஒரு கேள்வி இல்லை."

அவள் ஸ்கேலைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, கிழிந்த வால் தெரிகிற மாதிரி மீனைப் படம் எடுத்துக்கொண்டாள். முப்பத்தொன்றாவது கட்டத்தைக் காலியாகவே விட்டாள்.

"அடுத்த வருசம் நான் வாரப்ப இதே வாலு கிழிஞ்ச மீனு ஒரு சாண் இருக்கோணும். ஆர்டரைப் பத்து நாளு முன்னால அனுப்பச் சொல்லி அங்க நான் சண்டை போடறேன். ரெண்டுல எது நடக்காட்டியும் நடக்கலைன்னுதான் எழுதுவேன்."

அவள் போனதும் தொட்டிப் பக்கம் ஒரே கொண்டாட்டம். இனி இந்த மீனை மாற்ற முடியாது. இது செத்தால் ஆர்டரும் செத்தது.

"வருசம் பூரா என்னைய வாங்கித்தான் ஆவோணும்," என்று கேன் துள்ளியது.

அப்படியே நடந்தது. நாச்சிமுத்து தினமும் கேன் வாங்கி ஊற்றினார். மீன் உடம்பு பிடித்தது; விரல் விரலாக நீண்டது. ஒன்பது நாள் தாண்டியபோது அதற்கு உலகமே தன்னுடையது என்று தோன்றியது. அன்றைக்குத்தான் நீலக் குழாய் முதல்முறையாக வாய் திறந்தது.

"நீ வளந்தா, நான் யோக்கியன்னு எழுதுவாங்க. நான் யோக்கியன் இல்லியே."

"அதுக்கு நான் சாகோணுமா?" என்றது மீன்.

"சாகச் சொல்லலை. சாட்சின்னு பேரு வெச்சிருக்காங்களேன்னு சொன்னேன்."

மீனுக்குச் சுருக்கென்றது. குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்குப் போட்ட பொரியில் பாதியைத் தின்னவில்லை.

இரண்டாவது மாதம் பெரிய கம்பெனியிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. அதில் லாரி வருவதாகப் போட்டிருந்த தேதியைப் பார்த்துவிட்டு நாச்சிமுத்து போன் போட்டார்.

"தேதி தப்பா உழுந்திருக்குதுங்களே. பத்து நாளு தள்ளிப் போட்டிருக்கீங்க."

"தப்பில்லைங்க. இனிமே அப்படித்தான்," என்றது அங்கிருந்த குரல். அந்தக் குரலில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. யாரோ அங்கே நன்றாகச் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று நாச்சிமுத்துவுக்குப் புரிந்தது.

பத்து நாள் கிடைத்ததும் பின்பக்கம் தூங்கிக் கிடந்த, சாயத் தண்ணீருக்குள் காற்று ஊதுகிற மோட்டார் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது. சாயத் தண்ணீர் அவசரம் இல்லாமல் நின்று, வண்டலை அடியில் இறக்கி, மேலே தெளிந்தது. நாலாவது மாதம் கடைசித் தொட்டியின் தரையில் ஒரு ஸ்பானர் தெரிந்தது. அதைப் பட்டறையில் நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் நாச்சிமுத்து கேன் வாங்குவதை நிறுத்தவில்லை. தெளிந்த தண்ணீரைத் தைரியமாக ஓடைக்கு விட்டவருக்கு, அதையே மீன் தொட்டிக்கு விட மனசு வரவில்லை. ஆறு வருஷம் பொய் சொல்லிப் பழகியவர். உண்மை கைக்கு வந்த பிறகும் அதன் மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அப்புறம் ஊரில் மாரியம்மன் நோம்பி வந்தது. கேன் வண்டிக்காரர்கள் எல்லாம் பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்கப் போய்விட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள் கேன் வரவில்லை. கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் பாதிக்கு இறங்கிப் பச்சை கட்டியது. மீன் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நாச்சிமுத்து வந்து நீலக் குழாயின் வால்வைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டுப் போசியோடு பதினெட்டுப் பேரும் பின்னால் வந்து நின்றார்கள். யாரும் மூடியைத் திறக்கவில்லை.

"செத்துக்கித்துப் போயிராத சாமி," என்று மீனிடம் சொல்லிவிட்டு வால்வைத் திருகினார்.

தண்ணீர் விழுந்தது. மீன் எதிர்மூலைக்கு ஓடி ஒண்டிக்கொண்டது.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது," என்றது குழாய். "நல்ல தண்ணின்னுதான் நெனைக்கறேன். இத்தனை நாளு கெட்டதைக் கெட்டதுன்னு தெரிஞ்சே ஊத்துனேன், அப்பக்கூட இப்படி நடுங்கலை."

மீன் மூலையிலேயே நின்றது. கேன் தண்ணீர் அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இதே தண்ணீர் இரண்டு மாதமாக ஓடை வழியாகக் குளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அதற்கு நினைவு வந்தது. அம்மா இருக்கிற குளம். கூடப் பிறந்தவர்கள், பிடிபடாமல் தப்பியவர்கள் இருக்கிற குளம். அங்கே இருப்பவர்களுக்கு ஒண்டிக்கொள்ள மூலை கிடையாது.

அதற்கு வெட்கமாக இருந்தது. மூலையை விட்டு வந்து, குழாயின் வாய்க்கு நேராகப் போய் நின்று, வாயைத் திறந்து ஒரு மடக்கு உள்ளே வாங்கியது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோறு ஆறிப் போனது. கடைசியில், நாடா சுற்றுகிற ராமாத்தாள்தான் நோம்பிப் பொரியில் நாலைத் தூவிப் பார்த்தாள்.

"அண்ணா, திங்குதுங்க," என்றாள்.

நாச்சிமுத்து வால்வை விட்டுக் கையை எடுத்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்; வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பட்டறைக்குள் கேன் வரவில்லை.

வருஷம் திரும்பியது. மங்கையர்க்கரசி வந்தாள். யாரும் தொட்டியைத் துடைத்து வைக்கவில்லை. தொட்டியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழிந்த வாலை முதலில் பார்த்துவிட்டு ஸ்கேலை வைத்தாள். ஒரு சாணுக்கு மேலே ஒரு விரல் கூடவே இருந்தது. மீன் இந்தத் தடவை ஒய்யாரம் ஒன்றும் காட்டவில்லை, அது பாட்டுக்கு நீந்தியது. போன வருஷம் காலியாக விட்ட கட்டத்துக்கும் சேர்த்து இரண்டு டிக் அடித்தாள்.

"குளத்துல கொக்கு வந்து எறங்குதுங்க அம்மணி," என்றார் நாச்சிமுத்து. சொன்ன பிறகு, குளம் என்னவோ தானே வெட்டியது மாதிரி கொஞ்சம் நிமிர்ந்தும் நின்றார். "அந்த ஸ்கேலை எனக்குக் குடுத்துட்டுப் போங்களேன். மாசா மாசம் அளந்து பாத்துக்கறேன்."

"இல்லீங்ண்ணா. இன்னொரு இடத்துல அளக்க வேண்டியிருக்குது," என்று அவள் ஸ்கேலைப் பையில் செருகிக்கொண்டாள்.

அந்த நேரம் கேன் வண்டி ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றது. டிரைவர் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனான். வண்டியின் மேல் அதே வயிறு பெருத்த கேன் உட்கார்ந்திருந்தது.

"ஆளே தெரியலையே," என்றது கேன், மீனைப் பார்த்து. "நல்லா இருக்கறியா?"

"நல்லா இருக்கறேன். நீ எங்க போறே?"

"பெரிய கம்பெனிக்கு. அங்க வாசல்லயும் ஒரு தொட்டி வெச்சிருக்காங்க. நாளைக்கு அவங்களைப் பாக்க வெளிநாட்டுல இருந்து ஆளு வருதாமா."

மீன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தது.

"அங்க இருக்கற மீனு எத்தனை விரலு?"

"நாலு," என்றது கேன்.

டிரைவர் வந்து வண்டியை எடுத்தான். அதன் பின்னாலேயே, பையில் ஸ்கேல் நீட்டிக்கொண்டிருக்க, மங்கையர்க்கரசியின் ஸ்கூட்டரும் கிளம்பியது.