நண்டு ஊற்றுக்கு விலை வைத்த கதை

ஊர்வதும் பறப்பதும் நீந்துவதும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உப்புக்கரை என்றொரு கடற்கரை இருந்தது. அங்கே ‘எவ்வளவு?’ என்ற கேள்வியே கிடையாது. ‘வேணுமா?’ என்றுதான் கேட்பார்கள். வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். அதனால் யாரும் சோம்பேறியாகிவிடவில்லை, யாரும் ஏமாளியாகிவிடவும் இல்லை. உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, தெரிகிறது. கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

நாரை ஆழத்து மீனைக் கலைத்துக் கரைப்பக்கம் ஓட்டிவிடும். சுருளி என்ற கடல்நத்தை, கரையில் செத்து ஒதுங்கி நாறுவதையெல்லாம் தின்று மணலைச் சுத்தமாக வைத்திருப்பான். வெள்ளாயி என்ற உப்புக்கொத்திக் குருவிக்குக் கண் கூர்மை. பனங்காட்டிலிருந்து செம்பருந்து கிளம்பினால் முதலில் பார்த்துச் சத்தம் கொடுப்பது அவள்தான். கொடுக்கன் என்ற நண்டு, மணல்மேட்டுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஊற்றுத் தோண்டுவான். எல்லோரும் குடிப்பார்கள்.

கொடுக்கனுக்கு அப்போது தலை முதல் வால் வரை கல் மாதிரி ஓடு இருந்தது. உடம்பு வளர வளர அது பத்தாமல் போகும். பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதியது இறுகும்வரை அவன் பிசைந்த மாவாகக் கிடக்க வேண்டும். அந்த நாட்களில் கரையே திரண்டு அவனைச் சுற்றிக் காவல் நிற்கும். செம்பருந்து மேலே வட்டமடித்துப் பார்த்துவிட்டு, இத்தனை அலகுக்கு நடுவில் இறங்கப் பயந்து திரும்பிவிடும். காவலுக்கு என்ன தருவாய் என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரு கோடையில் நாரை வயிறு குளிரக் குடித்துவிட்டு, பளபளவென்று ஒரு சோழியைக் கொண்டுவந்து ஊற்றோரம் வைத்தது. “அழகா இருக்கு, வச்சுக்கோ அண்ணே” என்றது. நல்ல மனதோடுதான் கொடுத்தது. கொடுக்கன் அன்று முழுக்க அந்தச் சோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஆலா என்ற கடற்பறவை குடிக்க வந்தது. கொடுக்கன் குறுக்கே நின்றான்.

“நாரை ஒண்ணு வச்சுட்டுப் போச்சு. நீ என்ன வச்சே?”

ஆலா வெட்கப்பட்டுப் போய் ஒரு கிளிஞ்சலைத் தேடி எடுத்து வந்தது. வெட்கப்பட வேண்டியவன் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஓடு கொண்டுவந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் எட்டி நில். கரையில் கிடந்த சோழி, கிளிஞ்சல், சங்கு எல்லாம் நண்டின் குவியலுக்குப் போய்ச் சேர்ந்தன. நாரை மீன் ஓட்டுவதை விட்டுவிட்டுப் பொழுதுக்கும் ஓடு பொறுக்கியது. எல்லோருக்கும் பசி, எல்லோர் வாயிலும் ஓடு. இதைத்தான் கொடுக்கன் ‘ஒழுங்கு’ என்றான்.

வெள்ளாயி இந்த நாட்களில் முட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். அவளால் ஓடு பொறுக்கப் போக முடியவில்லை. குஞ்சுகள் பொரிந்து வெளியே வந்த அன்று வெயில் கொளுத்தியது. அவை வாயைப் பிளந்து கிடந்தன. உப்புத் தண்ணீரைக் கொடுத்தால் செத்துப்போகும். வெள்ளாயி ஊற்றுக்கு ஓடினாள். அங்கே வரிசை நின்றது.

“அண்ணே, குஞ்சு பொரிச்சிருக்கு. வயித்து இறகை நனைச்சுக்கிட்டுப் போனாப் போதும், அதுலயே குடிச்சுக்கும்.”

“சந்தோஷம் தங்கச்சி. ஓடு?”

“கரையில எங்கே இருக்கு ஓடு? எல்லாத்தையும் நீதானே குவிச்சு வச்சிருக்கே.”

“அதுக்கு நான் என்ன பண்ண? தோண்டினது நான். என் உழைப்பு.”

“நீ ஓடு கழட்டிக் கிடந்தப்போ இந்த வெயில்ல காவல் நின்னேனே, அது யார் உழைப்பு?”

கொடுக்கன் குவியலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பிறகு, “அப்பவே கேட்டிருக்கணும். கேட்காதது உன் தப்பு” என்றான். கேட்டீர்களா நியாயத்தை. கொடுத்தவள் கேட்காததுதான் தப்பாம். இந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் செத்தொழியவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டு சுருளி அலையோரத்திலிருந்து ஊர்ந்து வந்தான். அவனுக்கு அந்தத் தண்ணீர் தேவையே இல்லை, உப்பிலேயே பிறந்தவன். வெள்ளாயிக்காகத்தான் சுடுமணலில் அத்தனை தூரம் வந்தான்.

“கொடுக்கா, பச்சைக் குஞ்சுடா. விடு, குடிக்கட்டும்” என்றான்.

கொடுக்கன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகைப் பார்த்தான். கரையிலேயே பெரிய ஓடு அதுதான். வரிவரியாக, ஓர் ஓட்டை உடைசல் இல்லாமல் இருந்தது.

“விலையைக் கையோட கொண்டுவந்துட்டியே” என்றான்.

“இது விலை இல்லடா. இது என் வீடு. நான் உள்ளே இருக்கேன்.”

கொடுக்கன் கொடுக்கை உள்ளே விட்டு அவனை இழுத்தான். நத்தையின் உடம்பு ஓட்டோடு ஒட்டிப் பிறந்தது, கழன்று வராது. கிழிந்துதான் வந்தது. சுருளி அங்கேயே செத்துப்போனான். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நாரை பார்த்தது, ஆலா பார்த்தது. ஓடிவந்து தடுத்தால் வரிசையில் இடம் போய்விடுமே. வாயைத் திறந்தால் கவ்வியிருக்கும் ஓடு விழுந்துவிடுமே. ஒருத்தர் அசையவில்லை. நண்டு மேல் வருகிற கோபத்தைவிட இவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

“விலை வந்துடுச்சு. நனைச்சுக்கிட்டுப் போ” என்று கொடுக்கன் வழி விட்டான்.

வெள்ளாயி என்ன செய்வாள்? குஞ்சுகள் அங்கே வாய் பிளந்து கிடக்கின்றன. ஊற்றில் வயிற்றை நனைத்துக்கொண்டு போனாள். குஞ்சுகள் அவள் இறகை உறிஞ்சிப் பிழைத்தன. அவள் மட்டும் ஒரு சொட்டு குடிக்கவில்லை.

கொஞ்ச நாளில் கொடுக்கனுக்கு ஓடு பத்தாமல் இறுக்க ஆரம்பித்தது. பழைய ஓட்டைக் கழற்றினான். மாவு மாதிரிக் கிடந்தபடி, பழக்கத்தில், “காவலுக்கு வாங்க” என்று கூப்பிட்டான்.

நாரைதான் முதலில் கேட்டது: “எவ்வளவு?”

கொடுக்கன் அதிர்ந்து போனான். அவன் கற்றுக்கொடுத்த வார்த்தைதானே. குவியலிலிருந்து வாரி இறைத்தான். எல்லோரும் வாங்கிக்கொண்டு சுற்றி நின்றார்கள். பனங்காட்டுப் பக்கம் செம்பருந்து கிளம்பியது. அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். “வாங்கினதுக்கு நின்னாச்சு” என்றது ஆலா. ஒரு கிளிஞ்சலுக்காக எவன் பருந்திடம் உயிரைக் கொடுப்பான்? எல்லோரும் பறந்துவிட்டார்கள்.

வெள்ளாயி மட்டும் கொஞ்சம் தள்ளி, குஞ்சுகளுக்கு நிழலாக நின்றுகொண்டிருந்தாள்.

“தங்கச்சி, சத்தம் கொடு. எல்லாரையும் கூப்பிடு. என்ன வேணும்னாலும் தர்றேன்.”

“என்ன வேணும்னாலுமா?”

“இந்தக் குவியல் மொத்தமும்.”

“எனக்குக் குவியல் வேண்டாம். சுருளியை எழுப்பிக் கொடு. கரை கிழியக் கத்துறேன்.”

கொடுக்கன் அண்ணாந்து பார்த்தான். பருந்தின் நிழல் மணலில் பெரிதாகிக்கொண்டே வந்தது.

“அதோ அவன் வீடு” என்றாள் வெள்ளாயி. “நீ விலையா வாங்கினதுதானே. அதைக் கேளு, உனக்குக் காவல் நிற்குதான்னு பார்ப்போம்.”

கொடுக்கன் பின்பக்கமாகவே ஊர்ந்து போய், சுருளியின் ஓட்டுக்குள் முதுகைத் திணித்துக்கொண்டான். செம்பருந்து கொத்திப் பார்த்தது, புரட்டிப் பார்த்தது, போய்விட்டது. உயிர் பிழைத்தான். செத்தபிறகும் சுருளி காவல் நின்றான் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தப் பாவிக்குப் போய்.

ஆனால் புதிய ஓடு இறுகுவதற்கு வெயிலும் காற்றும் வேண்டும். காவல் நிற்க ஆளில்லாமல் வெயிலில் எப்படிக் கிடப்பான்? வெளியே வரப் பயந்து உள்ளேயே கிடந்தான். முதுகு இறுகவே இல்லை. அவன் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தபோது, வெள்ளாயி அந்தக் குவியலை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் அலையில் போட்டாள். முதல் நாள் தனியாகப் போட்டாள். அப்புறம் நாரை தலையைக் குனிந்துகொண்டு வந்து ஒன்றைக் கவ்வியது. ஆலாவும் வந்தது. குவியல் கரைந்த பிறகு ஊற்றுக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. தூர்ந்தால் குடிக்க வந்தவர்களே தோண்டிக்கொண்டார்கள்.

நீங்களும் கரையில் பார்த்திருப்பீர்கள். காலடிச் சத்தம் கேட்டால் உள்ளே ஒடுங்கிக்கொள்கிற நண்டு. கிடக்கிற காலி ஓட்டையெல்லாம் கொடுக்கால் அளந்து பார்த்து, பெரிதாக இருந்தால் அதற்கு மாறிக்கொள்கிற நண்டு. அதற்குப் போய்த் துறவி நண்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் படித்தவர்கள். எதைத் துறந்தானாம் அவன்?

அன்றைக்கு இறுகாமல் போன முதுகு அவன் வம்சத்துக்கே இன்னும் இறுகவில்லை. அதனால்தான் அந்த நண்டு, செத்துப்போன யாரோ ஒரு நத்தையின் வீட்டை, இறக்கி வைக்கப் பயந்து, போகிற இடமெல்லாம் இழுத்துக்கொண்டு திரிகிறது.