தண்ணீர் கொடுத்த சொல்

அந்தக் காலத்தில் தண்ணீருக்குப் பேச்சு இருந்தது. மலையிலிருந்து இறங்கும்போது உரத்த குரல், பள்ளத்தில் தேங்கும்போது சோம்பலான குரல், பானையில் இருக்கும்போது வீட்டுக்காரர்களின் காதுக்கு மட்டும் எட்டுகிற மெல்லிய குரல். நண்டும் நாரையும் மரமும்கூடப் பேசிய காலம்தான் அது. ஆனாலும் தண்ணீர் பேசுவதைத்தான் எல்லோரும் விரும்பிக் கேட்டார்கள். மேகத்துக்குள் படுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று அது சொல்லும். வேருக்குள் நுழைந்து இலை நுனிவரை ஏறிப்போன வழியைச் சொல்லும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கரையில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார்கள்.

நெருப்புக்கும் பேச்சு உண்டு. ஆனால் அது முன்கோபி. அதற்கும் தண்ணீருக்கும் ஆகாது. எப்போது சந்தித்தாலும் இரண்டில் ஒன்று செத்துப்போகும். அதனால் மனிதர்கள் தண்ணீர்ப் பானையை வீட்டின் ஒரு மூலையிலும் அடுப்பை எதிர் மூலையிலும் வைத்தார்கள். கிழங்கைச் சுட்டுத் தின்றார்கள். தினையை வறுத்து இடித்துத் தேன் விட்டுப் பிசைந்து தின்றார்கள். தண்ணீரை நெருப்பின் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. சோறு என்று ஒன்றை அன்றைக்கு யாரும் அறியவில்லை.

மலையடியில் ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு சுனை. அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் வெள்ளச்சி. அவள் புருஷன் செங்கான் தேனெடுக்கிறவன். காட்டுக்குப் போனால் சீக்கிரம் திரும்பமாட்டான். வந்த புதிதில் வெள்ளச்சிக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. சுனைதான் அவளோடு பேசியது. அதனால் அவள் சுனையை அக்கா என்றே கூப்பிட்டாள். மகள் சிட்டாள் பிறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஒரு கோடையின் முடிவில் அந்தச் சுனைக்கு ஒருவன் வந்தான். ஒட்டி உலர்ந்த உடம்பு, சாம்பல் நிறத் தோல். பாறையிலிருந்து பாறைக்கு நிழல் தேடித் தேடி ஓடிவந்தான். ஈரம் காணாத அவன் உதடு வெடித்திருந்தது. வேறு யாருமில்லை, நோய்தான் அது. அப்போது அதற்கு மனித உருவம் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனால் தண்ணீர் அதற்கு முன் அவனைப் பார்த்ததில்லை.

"வெயில் என்னைத் துரத்துகிறது" என்றான் அவன். "என்னால் சூடு தாங்க முடியாது. கொஞ்ச நாள் உள்ளே இருக்க இடம் கொடு."

தண்ணீர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. "வா" என்றது.

"நான் இங்கே இருப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்."

"சத்தியமாக?"

"நான் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான்" என்றது தண்ணீர்.

அவன் காலை வைத்தான். உப்புக் கரைவதுபோலக் கரைந்து போனான். நிறம் மாறவில்லை. வாசம் மாறவில்லை. அடியில் கிடந்த கூழாங்கற்கள் முன்போலவே தெளிவாகத் தெரிந்தன.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மலையும் ஊரும் ஒரே வெண்புகையில் மிதந்தன. பகலா பொழுது சாய்ந்ததா என்று தெரியாத வெளிச்சம். அந்த மழையோடு மழையாக ஊரில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். வயிற்றோட்டம் நிற்கவில்லை. காய்ச்சல் வந்தது, கண் குழி விழுந்தது. நாக்கு வறண்டு தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் ஓடிப்போய்ச் சுனையிலிருந்து மொண்டு வந்து கொடுத்தார்கள். குடித்தவர்களுக்கு இன்னும் அதிகமாயிற்று. மேற்கேயிருந்து கெட்ட காற்று அடிக்கிறது என்று சொல்லி வீடுகளின் மேற்குச் சன்னல்களை எல்லாம் மண் வைத்துப் பூசினார்கள். பூசிய வீட்டிலும் சாவு விழுந்தது.

ஒரு காலையில் சிட்டாளும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, வயிறு சுடுகிறது" என்றாள். கொஞ்ச நேரத்தில் பேசவும் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் திறந்து திறந்து மூடினாள்.

செங்கான் மகளின் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். வெள்ளச்சி குடத்தை எடுத்துக்கொண்டு மழையில் ஏறினாள். வழியில் ஒரு பெரிய நண்டு தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பாறை மேல் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. சுனையிலேயே பிறந்து சுனையிலேயே வளர்ந்த நண்டு அது.

"எங்கே கிளம்பிவிட்டாய், இந்த மழையில்?" என்று கேட்டாள்.

"வேறு இடம் பார்க்கிறேன். அங்கே இருக்கப் பிடிக்கவில்லை."

"ஏன்?"

நண்டு நின்றது. "நான் யாருக்கும் சொல் கொடுக்கவில்லை. அதனால் கண்டதைச் சொல்கிறேன். கோடையில் ஒருவன் வெயிலுக்குப் பயந்து ஓடிவந்தான். சூடு தாங்காது என்று புலம்பினான். சுனைக்குள் இறங்கினான். அப்புறம் அவன் வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை." குஞ்சுகள் மேல் மழை அடிக்காமல் இருக்க ஒரு கொடுக்கைக் குடைபோல் தூக்கிக்கொண்டு அது போய்விட்டது.

வெள்ளச்சி சுனைக்குப் போனாள். சில நாட்களாகவே சுனை சரியாகப் பேசாததை அவள் கவனித்திருந்தாள். மழைக் களைப்பு என்று நினைத்திருந்தாள். இப்போது கரையில் குந்தி, முகம் தெரியக் குனிந்தாள்.

"அக்கா, உள்ளே யார் இருக்கிறார்கள்?"

தண்ணீர் கரையை விட்டுச் சற்று உள்வாங்கியது.

"என் பிள்ளை படுத்துவிட்டாள், அக்கா."

சுனை முழுவதும் ஒருமுறை நடுங்கியது. "கேட்காதே வெள்ளச்சி" என்றது. "நானும் ஒவ்வொரு நாளும் தவித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சொல் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்காதே."

வெள்ளச்சிக்கு ஆத்திரம் வந்தது. குடத்தைப் போட்டு உடைத்துவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் எங்கே போவது? மழைத்தண்ணீரிலும் ஓடைத்தண்ணீரிலும் அவன் இல்லை என்று யார் சொல்வது? மகளுக்கோ நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கொடுக்காவிட்டாலும் சாவாள். கொடுத்தாலும் சாவாள்.

மேலே பார்த்தாள். வெயில் எப்போது வரும் என்று தெரியாத வானம். சூடு தாங்காதவன், சூடு தாங்காதவன் என்று அவள் வாய் முணுமுணுத்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்ததும் அவளுக்கே பயமாக இருந்தது.

"அக்கா, உன்னை நெருப்பின் மேல் வைத்தால்?"

தண்ணீர் ஒருமுறை சுருங்கி விரிந்தது. பிறகு, "நானும் நெருப்பும் சந்தித்தால் இரண்டில் ஒன்று மிஞ்சுவதில்லை" என்றது.

"நடுவில் மண்பானை இருக்கும். நீ நெருப்பைத் தொடவேண்டாம். நெருப்பும் உன்னைத் தொடவேண்டாம்."

"வலிக்குமே."

"வலிக்கும்" என்றாள் வெள்ளச்சி. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மழைத்துளிகள் சுனையின் மேல் வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்தன. "வலிக்கு நான் பயப்படவில்லை" என்றது தண்ணீர். "வலி தாங்காமல் சொல்லக் கூடாத பெயரைச் சொல்லிக் கத்திவிடுவேனோ என்றுதான் பயம். சொன்ன சொல் தவறினால் அப்புறம் நான் தண்ணீரே இல்லை. அதனால் ஒன்று செய்கிறேன். முதலிலேயே என் பேச்சை விட்டுவிடுகிறேன். பேச்சு இல்லாதவளை யார் என்ன செய்தாலும் எதுவும் வெளியே வராது."

"அப்புறம் திரும்ப வருமா?"

"விட்டது எப்படி வரும்?"

வெள்ளச்சி குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். வீட்டில் கிடக்கிற முகம் கண்ணுக்குள் வந்தது. சொல்லவில்லை.

"மொண்டுகொள்" என்றது தண்ணீர். அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான். குடத்துக்குள் இறங்கும்போது அதனிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்த நொடியில் மலை ஓடைகளும் தூரத்து ஆறுகளும் வீட்டுப் பானைகளும் எல்லாம் வாய் மூடிக்கொண்டன. தண்ணீர் எங்கே இருந்தாலும் ஒரே தண்ணீர்தானே.

வீட்டில் அவள் குடத்தோடு அடுப்பின் பக்கம் போவதைப் பார்த்துச் செங்கான் எழுந்தான்.

"என்ன செய்கிறாய்? ஊர்க் கட்டுப்பாடு தெரியாதா?"

"தெரியும்."

"தெரிந்தால் தள்ளி வை. நெருப்பு அணைந்தால் இந்த மழையில் எங்கே போய் வாங்குவது? ஊர் நம்மைச் சேர்க்காது, வெள்ளச்சி."

"ஊரில் பாதி படுத்துக் கிடக்கிறது. மீதிப் பாதி நம்மைச் சேர்க்கவில்லை என்றால் என்ன? பிள்ளையைப் பாருங்கள்."

அவன் பார்த்தான். பிறகு அவளுக்கு வழிவிட்டான்.

அடுப்பில் இருந்த நெருப்பு தலையைத் தூக்கிச் சீறியது. "அவளை என் தலைமேல் தூக்கி வைக்கப் போகிறாயா?"

"ஆமாம் அண்ணே. உன்னை அணைப்பதற்கு இல்லை. அவளுக்குள் ஒருவன் ஒளிந்திருக்கிறான். அவனை அவளால் விரட்ட முடியாது. உன்னால் முடியும்."

நெருப்புக்குத் தன் பகையாளிக்கு உதவுவதில் விருப்பமில்லை. ஆனால் உன்னால்தான் முடியும் என்று அதனிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. "விறகு போடு" என்றது கடைசியில்.

செங்கான் பரணில் ஏறி, தேனடை உலர்த்தும் மூங்கில் தட்டிகளை எல்லாம் பிரித்து எடுத்துவந்தான். ஈரம் படாத விறகு வீட்டில் அவைதான். மூன்று கல்லைக் கூட்டி, அதன்மேல் ஒரு மண்பானையை ஏற்றி, வெள்ளச்சி தண்ணீரை ஊற்றினாள். நெருப்பு பானையின் அடியை நக்கிப் பார்த்தது. பிறகு சுற்றிப் பிடித்துக்கொண்டது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. சிட்டாள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு பானைக்குள்ளிருந்து ஒரு முனகல் எழுந்தது. அதில் வார்த்தை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுக்கிற பெண்ணின் தொண்டையிலிருந்து வருவதுபோல மெல்லிதாக, நீளமாக, விடாமல் வந்தது. வெள்ளச்சி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணீர்..." என்றாள் சிட்டாள், கண்ணைத் திறக்காமல்.

"சூடாகிவிட்டது, போதும். இறக்கு" என்றான் செங்கான். "நாக்கு எப்படி இருக்கிறது பார். தாங்கமாட்டாள்."

வெள்ளச்சி பானையின் கழுத்தில் துணியைச் சுற்றினாள். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. தண்ணீரின் குரல் இல்லை. தேன் தடவின குரல்.

"தாயே, நான் போய்விட்டேன். இந்தப் பானையில் இப்போது யாருமே இல்லை. பிள்ளைக்கு எடுத்துக் கொடு."

அவள் கை நின்றது. "போனவன் எப்படிப் பேசுவான்?" என்று கேட்டாள். துணியை உருவி எறிந்துவிட்டு இன்னும் இரண்டு மூங்கிலை ஒடித்து அடுப்பில் திணித்தாள்.

முனகல் உயர்ந்தது. அந்தத் தேன் குரல் கெஞ்சியது, திட்டியது, அழுதது, தேய்ந்தது. சிட்டாள் மறுபடி தண்ணீர் கேட்டாள். செங்கான் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டான். வெள்ளச்சி மட்டும் பானையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இன்னும் முனகுகிறாள், இன்னும் அவன் உள்ளே இருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு கட்டத்தில் முனகல் சட்டென்று அடங்கியது. அடுத்து, அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைந்தன. தண்ணீர் முழுவதும் புரண்டு புரண்டு எழுந்தது. வெள்ளை ஆவி கூரைவரை ஏறியது. வேறெந்தக் குரலும் இல்லை.

அதை இறக்கி, தட்டு போட்டு மூடி, ஆறும்வரை காத்திருந்தார்கள். பிறகு அந்தத் தண்ணீரிலேயே கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வெள்ளச்சி மகளின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். சிட்டாள் குடித்தாள். தூங்கினாள். எழுந்து மறுபடி கேட்டுக் குடித்தாள். மழை விடுவதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்து, சுட்ட கிழங்கு வேண்டும் என்று கேட்டாள்.

கட்டுப்பாட்டை மீறியவளைக் கேள்வி கேட்க ஊர்க்காரர்கள் வந்தார்கள். வாசலில் சிட்டாள் நிற்பதைப் பார்த்துவிட்டு, கேள்வியை மறந்து, எப்படி என்று கேட்டார்கள். அன்று மாலைக்குள் எல்லா வீட்டுக் கூரையிலிருந்தும் ஆவி எழுந்தது. படுத்தவர்களில் பலர் எழுந்தார்கள். பிறகு ஒருநாள் யாரோ கொதிக்கிற பானையில் தினையைப் போட்டுப் பார்க்க, சோறு வந்ததும் அப்படித்தான்.

வெள்ளச்சி பழையபடி சுனைக்குப் போய் உட்கார்வாள். அக்கா என்று கூப்பிடுவாள். தண்ணீர் அவள் காலைச் சுற்றி நின்றுகொண்டிருக்கும். நோய் அந்தச் சுனையை விட்டுப் போகவில்லை, பானைக்குள் வந்ததுதான் அழிந்தது. மழைக்கு மழை அவன் தண்ணீருக்குள் வந்து தங்குவதும் நிற்கவில்லை. தண்ணீர் அவனைக் காட்டிக்கொடுப்பதும் இல்லை. எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதைப் பார்த்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

அன்று முதல்தான் அடுப்பில் ஏற்றிய தண்ணீர் கொதிப்பதற்கு முன்னால் அப்படி முனகுகிறது. விவரம் தெரிந்த பெண்கள் அந்த முனகலைக் கேட்டு அவசரப்பட்டுப் பானையை இறக்குவதில்லை. அது அடங்கும்வரை, பாவம், பொறுத்துக்கொள் என்று அடுப்பின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள்.