ஆட்களை விட்டவர்

கனடாவில், ஸ்கார்பரோவில் தவமணி ரீச்சர் நடத்தும் தியான வகுப்பில் குணநாயகம்தான் வயதில் மூத்தவர். ரீச்சரை விடவும் மூத்தவர். போன பனிக்காலத்தில் அவருக்கு இருதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

அன்று வகுப்பு முடிந்தும் அவர் எழும்பவில்லை.

“கண்ணை மூடினா என்ர நெஞ்சு அடிக்கிறதுதான் கேக்குது, ரீச்சர். அடுத்த அடி விழுமோ எண்டு காத்துக்கொண்டிருக்கிறன். நெஞ்சுக்காக எல்லாத்தையும் விட்டிட்டன். பயம் மட்டும் என்னை விடுதில்லை.”

“எதையெல்லாம் விட்டீங்கள்?”

“உப்பு, எண்ணெய், இறைச்சி.” தயங்கினார். “ஆக்களையும்.”

“ஆக்கள் என்ன செய்தவை?”

“எந்த வீட்டுக்குப் போனாலும் சாப்பிடு, சாப்பிடு எண்டு நிப்பினம். வேண்டாமெண்டா கோவிப்பினம்.”

“நெஞ்சு வருத்தத்தைச் சொல்லலாமே?”

“மகளுக்குச் சம்பந்தம் பேசுறம். பரம்பரை வருத்தமெண்டு சனம் கதைக்கும்.”

ரீச்சர் பாயைச் சுருட்டினார்.

“ஆரை விட்டதுதான் கூட நோகுது?”

“அழகேசனை.” யோசிக்காமல் வந்தது பதில். ஊரில் ஒரே வகுப்பில் படித்து, இங்கே ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த சிநேகிதன்.

“கார்த் திறப்பை எடுங்கோ. இப்பவே அவற்ற வீட்டை போவம்.”

வாசலில் அவரைக் கண்டதும் அழகேசன் கதவை அகலத் திறந்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி பூமணி சுடச்சுடப் பொரித்த இறைச்சி ரோல்ஸ் கொண்டுவந்தாள். அழகேசன் முதல் ஆளாக ஒன்றை எடுத்தார். குணநாயகத்தின் கையும் பழக்கத்தில் நீண்டது. ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“எனக்கு வேண்டாம், அழகேசு. நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட் வைச்சிருக்கு.”

அழகேசன் எடுத்ததைத் தட்டில் திருப்பி வைத்தார். சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். நெஞ்சின் நடுவே நீளமாக ஒரு தழும்பு.

“லண்டனுக்குப் போறன் எண்டு உனக்குச் சொன்னது பொய், மச்சான். நெஞ்சு ஒப்பரேசனுக்கு இங்க ஆஸ்பத்திரியிலதான் கிடந்தனான். நீ சந்தேகப்படக் கூடாதெண்டுதான் இந்த ரோலையும் எடுத்தனான்.”

பூமணி தட்டோடு குசினிக்குள் போனாள். அவள் அழுவது கேட்டது.

குணநாயகம் அந்தத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் சொன்னார்: “நாளைக்குக் காலமை அழகேசும் நானும் ரெண்டு பேராய் நடக்கப் போறம், ரீச்சர்.”

“நல்லது.”

“பயம் இன்னும் போகேல்லை.”

“அதையும் கூட்டிக்கொண்டு போங்கோ. மூண்டு பேராய் நடவுங்கோ.”