கழுவினாலும் போகாத சாம்பல்

ஒரு ஊர்ல ஒரு நெத்தி இருந்துச்சாம். நெத்தி மட்டும் தனியா எப்படி இருக்கும்னு கேக்காத, அதுக்குக் கீழ ஒரு பொம்பளையும் இருந்தா. ஆனா ஊருக்கு முதல்ல தெரிஞ்சது நெத்திதான். ம் சொல்லு. சொல்லாட்டி நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போய் துணி மடிப்பேன்.

ம். அப்படிச் சொல்லு.

அவ பேரு பிரகாசியம்மா. கோயில் மாதா சபைக்குத் தலைவி. பூசையில முதல் பெஞ்சுல, நடுவுல, ஃபேனுக்கு நேர் கீழ உக்காருவா. 'என் பாவமே, என் பாவமே'ன்னு எல்லாரும் நெஞ்சுல லேசாத் தட்டுவாங்கல்ல, இவ தட்டினா பொத்து பொத்துன்னு கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். கடைசி பெஞ்சுல இருக்கிறவங்க அதை வச்சுத்தான் பூசை எது வரைக்கும் வந்திருக்குன்னு தெரிஞ்சுக்குவாங்க.

அப்போ ஈஸ்டருக்கு முந்தின நோன்பு ஆரம்பிக்கிற சாம்பல் புதன் வந்துச்சு. போன வருசக் குருத்தோலையை எரிச்ச சாம்பலை சாமியார் தட்டுல வச்சுக்கிட்டு, மனந்திரும்புங்கன்னு சொல்லி ஒவ்வொருத்தர் நெத்தியிலயும் சிலுவை போட்டாரு. பிரகாசியம்மா முதல் ஆளா நின்னு, முக்காட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி, நெத்தியை நல்லா அகலமாக் காட்டி வாங்கிக்கிட்டா.

மறுநாள் காலைல எந்திரிச்சு சளக் சளக்குன்னு முகம் கழுவினா. சாம்பல் போகல. சோப்புப் போட்டா, போகல. சரி, இன்னும் பக்தி இருக்குன்னு விட்டுட்டா.

மூணாம் நாளும் சிலுவை அப்படியே கறுப்பா, நேத்து வச்ச மாதிரி நிக்குது. அப்போ தெருவுல பேச்சு. "நமக்கெல்லாம் மத்தியானம் வியர்வையிலயே போயிடுச்சு. தலைவிக்கு பாரு, கடவுளே முத்திரை குத்திட்டாரு." பிரகாசியம்மா தலையைக் குனிஞ்சு, "எல்லாம் அவர் சித்தம்"னு சொன்னா. குனிஞ்சா நெத்தி இன்னும் நல்லாத் தெரியும்ல, அதுக்குத்தான்.

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? ஞாயித்துக்கிழமை பூசைக்கு பவுலின் டீச்சர் வந்தா, நெத்தியில சிலுவை. அவ உபதலைவி. "எனக்கும் போகல பாருங்களேன்"னா. கண்மை வாசனை கமகமன்னு வந்துச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல. அதுக்கடுத்த வாரம் மாதா சபை மொத்தமும் கண்மைச் சிலுவை. கடையில கண்மை தீந்து போச்சாம்.

ம் சொல்லு.

இப்போ சங்கதி என்னன்னா, பிரகாசியம்மா நெத்தியில இருந்து ஒரு வாசனை வர ஆரம்பிச்சுது. சாம்பிராணி வாசனை இல்ல, மல்லிகைப்பூ வாசனை இல்ல. துணி தீயுற வாசனை. சூடான இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலயே வச்சு மறந்துட்டா வருமே, அது. பூசையில எல்லாரும் மூக்கை உறிஞ்சாங்க. "யாரோ வீட்டுல பெட்டியை ஆஃப் பண்ணாம வந்துட்டாங்க"ன்னு நாலு பேரு வீட்டுக்கு ஓடினாங்க.

பிரகாசியம்மாவுக்கு மட்டும் அது என்ன வாசனைன்னு தெரிஞ்சுபோச்சு.

ஏன்னா, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆயர், அதான் பிஷப், வர்றாருன்னு பூசை வைக்கிற பீடத்து மேல விரிக்கிற துணியை இவதான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா. பீடத்துணி துவைச்சுத் தேய்க்கிறதுக்குன்னே கோயில்ல சலேத்துன்னு ஒருத்தி இருந்தா. புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவ. பன்னெண்டு வருசமா அவ கைதான். ஆனா ஆயர் வர்ற அன்னைக்கு, 'இது தலைவி தேச்சது'ன்னு யாராவது சொல்லணும்ல. அதுக்காக இவளே தேச்சா. தேச்சுக்கிட்டே ஃபோன் பேசினா. சொய்ங். நடுத்துணியில ஓட்டை.

அப்போ இவ என்ன பண்ணினா? துணியை மடிச்சு, சத்தமில்லாம கோயில் அலமாரியில வச்சுட்டு வந்துட்டா. மறுநாள் பிரிச்சுப் பாத்துட்டு எல்லாரும் கேட்டப்ப, "சலேத்துதானே தேய்க்கிறது, வேற யாரு"ன்னு சொன்னா. பொய்யா சொன்னா? தேய்க்கிறது அவதானே. பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல, அந்த மாதிரி ஒண்ணை வழவழன்னு பேசறதுல இவ கெட்டிக்காரி. சலேத்து, "நான் தொடவே இல்லம்மா"ன்னு ஒரு தடவை சொன்னா. தலைவி சொல்லுக்கு முன்னாடி அது எடுபடுமா? அவளை நிப்பாட்டிட்டாங்க. அப்புறம் அவ தெரு முனையில ஆப்பம் சுட்டு வித்தா. கோயிலுக்கு வர்றதையும் விட்டுட்டா. தீயப் போட்டவ வந்துட்டாடின்னு கேக்குற மாதிரி குசுகுசுன்னா எப்படி வருவா?

என்ன? "சாமியார்கிட்ட சொல்லியிருக்கலாம்ல"யா? கேளு, அங்கதான் போறா.

இந்த நாத்தம் யாராவது மூக்குல சரியா ஏறி, ரெண்டையும் ரெண்டையும் கூட்டிட்டா தன் கதை முடிஞ்சுதுன்னு பிரகாசியம்மாவுக்குப் பயம். எப்படியாவது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்குள்ள சாம்பலைக் கழுவிடணும்னு முடிவு பண்ணினா.

முதல்ல சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா. முட்டி போட்டா. ஒன்பது வயசுல புதுநன்மை, அதான் முதல் தடவை கோயில் அப்பம், வாங்கினப்ப கன்னியாஸ்திரி எழுதிக் கொடுத்த பாவப் பட்டியலை ஒரு மூச்சுல சொன்னா. கோபப்பட்டேன், ஜெபத்துல பராக்குப் பாத்தேன், அம்மா அப்பாவுக்குக் கீழ்ப்படியல. அம்மா அப்பா செத்து இருபது வருசம் ஆச்சு. சாமியாருக்கு அது தெரியும், அடக்கம் பண்ணினதே அவர்தான். "வேற ஏதாவது இருக்காம்மா?"ன்னு மெதுவாக் கேட்டாரு. "வேற என்ன சாமி இருக்கப் போகுது, என் மருமகதான் பூசைக்கே வர்றதில்ல"ன்னா. மருமக பாவத்தையும் சேத்துச் சொல்லிட்டு, பரிகாரமா மூணு அருள் நிறை மந்திரம் வாங்கிக்கிட்டு, வாசல் தாண்டுறதுக்குள்ள மூணையும் முடிச்சுட்டா. வீட்டுக்குப் போய்க் கழுவினா. சளக் சளக். போகல.

ம் சொல்லு. தூங்கிட்டியா? சரி.

அப்புறம் மலை மாதா கோயிலுக்குப் போனா. அங்க மணல்ல முட்டி போட்டே நடப்பாங்க. இவளும் நடந்தா. கூட வந்தவங்க கண்ணீர் விட்டாங்க, "இந்த வயசுல பாரு"ன்னு. புடவைக்குள்ள ரெண்டு முட்டிக்கும் தலையணைப் பஞ்சை வச்சுத் தச்சிருந்தது அவளுக்கும் தையல் மிசினுக்கும்தான் தெரியும். மலைச் சுனைத் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுட்டு வந்து கரகரன்னு தேச்சா. தோல் சிவந்துச்சு, சாம்பல் சிரிச்சுது. நாத்தம் ஒரு படி கூடினதுதான் மிச்சம்.

அப்புறம் மூணாவதா ஒரு பெரிய யோசனை வந்துச்சு. தீஞ்சது பீடத்துணிதானே? புதுசா ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டா கடவுள் கணக்கை விட்டுருவாருல்ல? ஈஸ்டருக்குப் போடுற மாதிரி நல்ல வெள்ளைத் துணி வாங்கினா. ஓரத்துல பூவேலை பண்ணி, ஒரு பக்கத்துல சிவப்பு நூல்ல 'உபயம்: பிரகாசியம்மாள்'னு பேரு தைக்கணும். ஊர்ல அந்த வேலை சுத்தமாத் தெரிஞ்சவ ஒரே ஒருத்தி. யாரு?

ஆமா, அவளேதான். இதுக்கு மட்டும் முழிச்சிருக்கியே.

வேற ஆளை அனுப்பிப் பாத்தா. "துணி கொடுக்கிறவங்க நேர்ல வரட்டும், அளவு கேக்கணும்"னு சலேத்து சொல்லி அனுப்பிட்டா. வேற வழி? பெரிய வியாழன் மத்தியானம் சாஞ்சப்புறம், இவளே போனா. அன்னைக்குச் சாயங்காலம் கோயில்ல பாதம் கழுவுற சடங்கு. சாமியார் பன்னெண்டு பேரு காலைக் கழுவுவாரு. அதுல இவளும் ஒருத்தி. அதுக்காகக் காலைலயே காலைக் கல்லு போட்டுத் தேச்சு, நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவி வச்சிருந்தா. மத்த பதினோரு பேரும் அப்படித்தான். கால் கழுவப் போறதுக்கு முன்னாடி நல்லாக் காலைக் கழுவிட்டுப் போறது நம்ம ஊர் வழக்கம்.

செருப்பை வாசல்ல கழட்டிட்டு உள்ள போனா. சலேத்து கை நிறைய ஆப்ப மாவு.

"வாங்கக்கா. உக்காருங்க."

"இருக்கட்டும். பேரு நல்லாப் பார்வையா வரணும்."

"எந்தப் பக்கம்?"

"சனம் பாக்குற பக்கம்."

சலேத்து கையைக் கழுவித் துடைச்சுட்டு, துணியைப் பாயில விரிச்சா. நடுவுல உள்ளங்கையை வச்சா. சும்மா கேக்குற மாதிரிக் கேட்டா.

"அக்கா, அந்தப் பழைய துணியில ஓட்டை எவ்வளவு பெருசு? என்னை நிப்பாட்டினாங்களே தவிர, யாரும் எனக்கு அதைக் காட்டவே இல்ல."

பிரகாசியம்மா வாயைத் தொறந்தா. வழவழன்னு ஏதாவது வரும்னு பாத்தா. வரல. கைதான் தானா எந்திரிச்சுது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரிச்சு, "இவ்வளவு"ன்னு காட்டுச்சு. "பெட்டி மூக்கு அளவு. சுத்தி மஞ்சளா."

காட்டின கையை எங்க வைக்கிறதுன்னு தெரியல அவளுக்கு.

"நான்தான் தேச்சேன், சலேத்து. ஃபோன் பேசிட்டே தேச்சேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"அன்னைக்கு உங்க வீட்டைத் தாண்டிப் போறப்ப ஜன்னல் வழியா வாசனை வந்துச்சு. துணி தீயுற வாசனை எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏண்டி நீ யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா யாரை நம்புவாங்க?"

பிரகாசியம்மா அழுதா. நெஞ்சுல தட்டல. தட்டணும்னு தோணல. மூக்கு ஒழுகுது, முந்தானை நனையுது, பாக்க நல்லாவே இல்ல. சலேத்து தேத்தல. ஆப்பச் சட்டியை இறக்கி வச்சுட்டு நின்னா. அப்புறம் சொன்னா:

"எங்கிட்ட சொல்றது சுலபம்க்கா. எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

அப்போ சாயங்காலச் சடங்குக்குக் கோயில் மணி, டொங் டொங். பிரகாசியம்மா எந்திரிச்சா. செருப்பு ஞாபகமே இல்ல. முந்தின நாள் பெஞ்ச மழையில தெரு பூரா சகதி, சதக் சதக்குன்னு மிதிச்சுட்டே போனா. தேச்ச கால், எண்ணெய் போட்ட கால், முட்டி வரைக்கும் சேறு.

கோயில்ல பன்னெண்டு நாற்காலி. சாமியார் இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு, ஒவ்வொரு காலா ஊத்தி ஊத்தித் துடைச்சுட்டு வந்தாரு. தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சு. ஏற்கெனவே கழுவின காலு, வேற எப்படி இருக்கும்? பன்னெண்டாவதா இவ முன்னாடி முட்டி போட்டாரு. காலைப் பாத்தாரு. நிமிந்து முகத்தைப் பாத்தாரு.

பிரகாசியம்மா எந்திரிச்சு நின்னா. "பீடத்துணியைத் தீயப் போட்டது நான். சலேத்து இல்ல. நான் பொய் சொன்னேன். அவ பொழப்பைக் கெடுத்தேன்." அவ்வளவுதான் சொன்னா. பட்டியல் எல்லாம் இல்ல.

கோயில் பூரா ஈ மொய்க்கிற மாதிரி ஙொய்யுன்னு ஒரு சத்தம். வாரா வாரம் என் பாவமே என் பாவமேன்னு சொல்ற சனம்தான், ஒருத்தி நிசமாவே ஒரு பாவத்தைச் சொன்னதும் முகம் சுளிச்சுடுச்சு. "கோயில்ல வந்து இதெல்லாமா பேசறது"ன்னா பவுலின் டீச்சர். "வீட்டு விஷயத்தை வீட்டுல வச்சுக்கணும்."

சாமியார் சொம்பைச் சாய்ச்சு அவ காலைக் கழுவினாரு. அன்னைக்குப் பன்னெண்டு பேருல தண்ணி கலங்கினது அவ காலுக்கு மட்டும்தான். கழுவுறதுக்கு அங்கதானே ஏதோ இருந்துச்சு.

ம் சொல்லுடா. இன்னும் கொஞ்சம்தான்.

சனிக்கிழமை காலைல சலேத்து வந்தா, ஒரு கையில செருப்பு, ஒரு கையில துணி.

"விட்டுட்டுப் போயிட்டீங்க."

"என்னை மன்னிச்சிட்டியா சலேத்து?"

"அதுக்கு எனக்கும் கொஞ்ச நாள் ஆகும்க்கா. ரெண்டு வருசம்ல. இப்ப இந்தப் பேரு தைக்கணுமா, வேண்டாமா?"

"வேண்டாம். ஓரம் மட்டும் போதும்."

"அப்ப ஊசியைப் பிடிங்க. ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் நான்."

தலைவி கையில ஊசி நாலு இடத்துல குத்துச்சு. அவ தச்ச பக்கம் கோணல் மாணலா வந்துச்சு. சலேத்து பாத்துட்டு, "பரவாயில்ல, இதைச் சுவத்துப் பக்கம் போடலாம்"னா.

ஈஸ்டர் காலைப் பூசை. அதுக்குள்ள மாதா சபை கூடி, பவுலின் டீச்சரைத் தலைவி ஆக்கியாச்சு. முதல் பெஞ்சுல, ஃபேனுக்குக் கீழ அவ. ஆனா அன்னைக்குப் பாத்து கரண்ட் போச்சு. வேர்த்து ஊத்துது. வரிசையா எல்லா நெத்தியிலயும் கண்மைச் சிலுவை கரைஞ்சு, மூக்கு வழியா வாய்க்கு இறங்குது. மாதா சபையிலயே வெறும் நெத்தியா இருந்தது ஒருத்திதான். கடைசி பெஞ்சுல, பிரகாசியம்மா. சாம்பல் எப்பப் போச்சுன்னு அவளுக்கே தெரியாது. அழுகையோட போச்சா, கால் கழுவுறப்ப போச்சா, அவ கண்ணாடியே பாக்கல.

பவுலின் டீச்சர் திரும்பிப் பாத்து, கறுப்பு மூக்கோட பக்கத்துல இருந்தவகிட்ட சொன்னா: "பாத்தியா, பாவின்னு தெரிஞ்சதும் கடவுள் முத்திரையைத் திருப்பி எடுத்துக்கிட்டாரு."

அப்போ கடைசி பெஞ்சுல யாரோ வந்து, "கொஞ்சம் தள்ளுங்கக்கா"ன்னு உக்காந்தாங்க. சலேத்து. உக்காந்ததும் மூக்கை உறிஞ்சினா.

"ஏதோ வாசனை வருதுக்கா."

பிரகாசியம்மா கை நெத்திக்குப் போச்சு. "தீயுற வாசனையாடி?"

"இல்லக்கா. புதுத் துணி வாசனை."

அவ்வளவுதான். கதையைக் கழுவிக் கவுத்தாச்சு, கண்ணை மூடு.

என்ன, நெத்தியைத் தொட்டுப் பாக்குற? உனக்கு ஒண்ணும் இல்ல. நேத்து அந்த மிட்டாய் டப்பாவைக் காலி பண்ணினது தம்பின்னு சொன்னியே, அவன் எந்திரிச்சதும் அதைப் பத்தி மட்டும் அவன்கிட்ட பேசிடு. இப்ப தூங்கு.